வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் லாப வெறி

2025 ஜூன் 30 காலை. ஐதராபாத்தை ஒட்டியுள்ள சங்காரெட்டி மாவட்டத்தின் பாஷமைலாரம் தொழிற்பேட்டையில் சிகாச்சி இண்டஸ்ட்ரீஸ் ஆலை வெடித்துச் சிதறியது. காலை வேலைமுறைக்கு வந்திருந்த தொழிலாளர்கள் தீப்பிழம்பிலும் இடிபாடுகளிலும் சிக்கினர். 54 உயிர்கள் பறிபோயின. அவர்களுள் 8 பேரின் உடல்கள் கிடைக்கவே இல்லை. கிடைத்தவற்றிலும் பல உடல்களை மரபணுச் சோதனையின் மூலமே அடையாளம் காண முடிந்தது. இறந்தவர்களில் மிகப் பலர் பீகார், உத்தரப் பிரதேசம், ஒடிசா, ஜார்க்கண்ட் என வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த புலம்பெயர் தொழிலாளர்கள்.

அந்த ஆலை தயாரித்தது நுண்படிக செல்லுலோஸ் என்னும் வெண்தூள். உலகெங்கும் மக்கள் விழுங்கும் மாத்திரைகள் உதிர்ந்துவிடாமல் இறுகி நிற்பது இத்தகைய தூளால்தான். நோயாளிகள் பிழைக்க உதவும் பொருளை உற்பத்தி செய்தவர்கள் அதே ஆலையில் வெந்து மடிந்தார்கள்.

நாடு சில நாட்கள் இறந்தவர்களை எண்ணியது. பிரதமரும் முதல்வரும் இரங்கல் தெரிவித்தார்கள், நிவாரணத் தொகைகளை அறிவித்தார்கள். ஆனால் வெந்தும் உயிர் பிழைத்தவர்களை எண்ணுவோர் அரிது. ஒரு தொழிலாளியின் உடலில் தீ பட்ட நொடியிலிருந்து அவர் மீண்டும் தன் கையால் சோற்றை எடுத்து உண்ணும் நாள் வரையிலான நெடிய காலத்தில், அவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன மறுக்கப்படுகிறது? இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலாளித்துவ மருத்துவச் சந்தையின் முழு உருவமும் தெரியவரும். அதற்கு ஒரு பெரிய கருவியைப் பார்க்க வேண்டியதில்லை. புண்ணின் மேல் இடும் ஒரு கட்டைப் பார்த்தாலே போதும்.

ஒரு கட்டின் அரசியல்

தீக்காயம் தோலை மட்டும் எரிப்பதில்லை. உடலின் நீரையும் உப்புகளையும் உள்ளே காத்து, கிருமிகளை வெளியே நிறுத்தும் அரண் தோல்தான். அந்த அரண் இடிந்தால் முதல் இரண்டு நாட்களில் நீரிழப்பு கொல்கிறது. அதில் தப்பியவரை அடுத்த வாரங்களில் நோய்த்தொற்று கொல்கிறது. ஆகவே புண்ணை எதைக் கொண்டு மூடுவது என்பது உயிரோடு தொடர்புடைய கேள்வி.

நாட்டின் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் இன்றும் நடைமுறையில் இருப்பது சில்வர் சல்ஃபாடையசின் களிம்பும் காஸ் துணியும்தான். காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. அதைப் பிரிக்கும்போது புதிதாக அரும்பிய தோலும் சேர்ந்து உரிகிறது. கட்டு மாற்றும் வேளையில் தீக்காயப் பிரிவிலிருந்து எழும் அலறலைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். அந்த வேதனை நாள்தோறும், சில நேரங்களில் நாளுக்கு இருமுறை, பல வாரங்கள் தொடர்கிறது.

இதற்கு மாற்று உண்டு. ஹைட்ரோஜெல் எனப்படும் நீர்க்கூழ்த் தாள் அவற்றுள் ஒன்று. அதன் எடையில் மிகப் பெரும்பகுதி நீரே. நீரை விரும்பும் பாலிமர் இழைகள் வலைபோலப் பின்னிக்கொண்டு அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. புண்ணின் மேல் இட்டால் குளிர்ச்சி தருகிறது, வலியைத் தணிக்கிறது, கசியும் நீரை உறிஞ்சுகிறது, புண்ணை உலரவிடாமல் ஈரமாக வைக்கிறது. ஒளி ஊடுருவும் தன்மையுள்ளதால் கட்டைப் பிரிக்காமலே புண்ணின் நிலையைப் பார்க்கலாம். எடுக்கும்போது ஒட்டுவதில்லை, உரிவதில்லை. புண் ஈரமாக இருந்தால் விரைவாக மூடுகிறது என்பதை 1962லேயே ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் நடத்திய சோதனையின் வழியே நிறுவிவிட்டார்.

இது எல்லாத் தீக்காயத்துக்கும் தீர்வல்ல. தோலின் மேலடுக்கும் நடுவடுக்கின் ஒரு பகுதியும் வெந்த காயங்களுக்கே இது பெரிதும் பயன்படும். முழு ஆழமும் வெந்த புண்ணில் இறந்த திசுவை அகற்றித் தோல் ஒட்டறுவை செய்வதே வழி. உடலில் பெரும்பரப்பு வெந்தவர்மீது குளிர்ந்த ஜெல்லைப் பரப்பினால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடவும் கூடும். தீ பட்டவுடன் செய்ய வேண்டிய முதல் உதவி ஓடும் தண்ணீரை 20 நிமிடங்கள் ஊற்றுவதே. தண்ணீர் இருக்கும் இடத்தில் எந்த ஜெல்லும் அதற்கு ஈடாகாது. 2013இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, பழைய வெள்ளிக் களிம்பைவிட ஹைட்ரோஜெல் உள்ளிட்ட சில புதிய கட்டுகளின்கீழ் மேலோட்டமான தீக்காயங்கள் விரைவாக ஆறுவதாகத் தோன்றுகிறது என்றது. கூடவே, ஆய்வுகளின் தரம் போதாது என்றும் எச்சரித்தது. விற்பனைப் பிரதிநிதிகளின் வண்ணத் தாள்களில் முதல் பாதி மட்டுமே அச்சாகிறது.

ஆக, கேள்வி "இது அற்புதமா, இல்லையா" என்பதல்ல. எவருக்குப் பயன்படுமோ அவருக்கு அது கிடைக்கிறதா என்பதே கேள்வி. விரல்களோடு சேர்ந்த ஒருவரின் உள்ளங்கை அவரது உடற்பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடு என்பது மருத்துவர்களின் கைக்கணக்கு. 20 விழுக்காடு வெந்த தொழிலாளிக்கு ஒரு முறை கட்டுப் போடவே கையளவுத் தாள்கள் ஏறத்தாழ 20 வேண்டும். அது சில நாட்களுக்கு ஒருமுறை, வாரக்கணக்கில் மாற்றப்பட வேண்டும். மருந்துக்கடையில் ஒரு தாளே நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கும்போது, நாட்கூலியில் வாழும் குடும்பம் எங்கே போகும்? பீகாரில் இருக்கும் கால் காணி நிலத்தை விற்கும். அல்லது காஸ் துணியோடு அலறலைப் பொறுத்துக்கொள்ளும்.

இந்திய மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. மும்பையில் உருளைக்கிழங்குத் தோலையும், பின்னர் வாழையிலையையும் தூய்மைப்படுத்திக் கட்டாகப் பயன்படுத்தி, அவை ஒட்டுவதில்லை, வலி குறைகிறது என்று காட்டினார்கள். வாழையிலையின் அருமை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. அந்த மருத்துவர்களின் அறிவும் அன்பும் போற்றத்தக்கவை. ஆனால் அணுஉலை கட்டும் நாட்டில், செயற்கைக்கோள் ஏவும் நாட்டில், ஏழையின் புண்ணை மூட மருத்துவர் வாழைத்தோப்பைத் தேடும் நிலை ஏன் வந்தது என்பதை ஆள்வோரிடம் கேட்டாக வேண்டும்.

பொதுப் பணத்தில் பிறந்தது, தனியார் பையில் விழுந்தது

"புதுமை தனியாரிடமிருந்தே வரும்; விலை கொடுத்தால்தான் கண்டுபிடிப்பு நடக்கும்" என்பது தாராளமயவாதிகள் ஓயாமல் ஓதும் மந்திரம். ஹைட்ரோஜெல்லின் வரலாறு இந்த மந்திரத்தைப் பொய்யாக்குகிறது.

மருத்துவத்துக்கான ஹைட்ரோஜெல்லை உலகுக்கு அறிமுகப்படுத்தியது செக்கோஸ்லோவாகியா. பிராகாவில் ஓட்டோ விக்டர்லே, திரகோஸ்லாவ் லிம் ஆகிய இரு வேதியியலாளர்கள் 1960இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். மென்மையான கண்வில்லை பிறந்தது அந்த ஆய்விலிருந்துதான். பின்னர் அதன் காப்புரிமை கைமாறி, அமெரிக்க நிறுவனமொன்று அதைக் கொண்டு பெருஞ்செல்வம் ஈட்டியது. 1980களில் போலந்தின் லோட்ஸ் நகரில், அரசுத் தொழில்நுட்பக் கல்வி நிலையமொன்றில் யானுஷ் ரோசியாக்கும் அவரது குழுவினரும், கதிர்வீச்சைக் கொண்டு ஹைட்ரோஜெல் கட்டுகள் தயாரிக்கும் முறையை உருவாக்கினார்கள். பாலிமர் கரைசலை அச்சில் ஊற்றி உறையில் அடைத்து முத்திரையிட்ட பின் கதிர்வீச்சுக்கு உட்படுத்துகிறார்கள். கரைசல் கூழாக இறுகுவதும் கிருமி நீங்குவதும் ஒரே நேரத்தில் நடந்துவிடுகின்றன. எளிய முறை, மலிவான முறை. பன்னாட்டு அணுசக்தி முகமை இதை வளரும் நாடுகளுக்கு எடுத்துச் சென்றது.

இந்தியாவில் இதைச் செய்து காட்டியது எந்தக் கார்ப்பரேட் நிறுவனமும் அல்ல. மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம், அதாவது மக்களின் வரிப்பணத்தில் இயங்கும் பொது நிறுவனம், பாலிவினைல் ஆல்கஹாலைக் கொண்டு கதிர்வீச்சு முறையில் தீக்காயக் கட்டுத் தாள்களை உருவாக்கியது. மருத்துவப் பொருட்களைக் கதிர்வீச்சால் தூய்மைப்படுத்தும் நிலையம் டிராம்பேயில் 1974 முதல் இயங்கி வருகிறது. அறிவு பொதுத்துறையிடம் இருந்தது, கருவி பொதுத்துறையிடம் இருந்தது. இருந்தும் அடுத்த படி என்ன? தொழில்நுட்பம் உரிமக் கட்டணத்துக்குத் தனியாருக்குக் கைமாற்றப்பட்டது. அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் அரசே தயாரித்து வழங்கும் திட்டம் வரவில்லை. விதை மக்களுடையது, உழைப்பு விஞ்ஞானிகளுடையது, அறுவடை மட்டும் வணிகனுடையது.

ஆற்றல் இன்றும் வற்றிவிடவில்லை. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், விலங்கின் உறுப்புத் திசுவிலிருந்து புண்ணாற்றும் பொருளை உருவாக்கி 2023இல் அனுமதி பெற்றது. ஐதராபாத்திலேயே செல்லியல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஐஐடியும் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனமும் இணைந்து, மனிதக் கருவிழித் திசுவிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு முப்பரிமாண அச்சில் கருவிழியை உருவாக்கியதாக 2022இல் அறிவித்தன. அறிவுக்குப் பஞ்சமில்லை. அதை மக்களிடம் கொண்டு சேர்க்கும் அரசியல் விருப்பத்துக்குத்தான் பஞ்சம்.

ஐடிபிஎல்லைப் புதைத்த நகரம்

ஐதராபாத் "மருந்து நகரம்" என்று விளம்பரப்படுத்தப்படுகிறது. அந்தப் பெயருக்கு அடித்தளமிட்டது யார்? 1961இல் தோற்றுவிக்கப்பட்ட இந்தியன் டிரக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம். சோவியத் ஒன்றியத்தின் தொழில்நுட்ப உதவியோடு ரிஷிகேஷில் நுண்ணுயிர்க் கொல்லிகளும், ஐதராபாத்தின் பாலாநகரில் செயற்கை மருந்துகளும், சென்னையில் அறுவை சிகிச்சைக் கருவிகளும் தயாரிக்கப்பட்டன. பன்னாட்டு நிறுவனங்கள் வைத்ததே விலை என்றிருந்த காலத்தில், இந்தப் பொதுத்துறையும் 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டமும் சேர்ந்தே இந்திய மருந்துத் தொழிலை நிமிர்த்தின. இன்று பெரும் மருந்து முதலாளிகளாக வலம் வருவோரில் சிலர் தொழில் கற்றதே ஐடிபிஎல்லில்தான். டாக்டர் ரெட்டீஸ் நிறுவனர் அஞ்சி ரெட்டியும் அங்கே பணியாற்றியவரே.

தாராளமயம் வந்தது. ஐடிபிஎல் நலிவடைய விடப்பட்டது. உற்பத்தி முடங்கியது. 2016 டிசம்பரில் ஒன்றிய பாஜக அரசு அதை மூடிவிட முடிவெடுத்தது. 2005இல் பொருள்களுக்கான காப்புரிமை மீண்டும் புகுத்தப்பட்டது. தீக்காயக் கட்டையும் களிம்பையும் தயாரித்து நாடெங்கும் மலிவாக வழங்கத்தக்க ஒரு பொதுத்துறையைப் புதைத்துவிட்டு, இன்று "தற்சார்பு" என்று மேடைதோறும் முழங்குகிறார்கள்.

விலைக் கட்டுப்பாட்டின் கதையும் இதுவே. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் சட்டப்படி மருந்தின் வரையறைக்குள் வந்தன. ஆனால் உச்சவரம்பு விலை இதயக் குழாய் ஸ்டென்ட் போன்ற மிகச் சிலவற்றுக்கே உண்டு. மற்றவற்றுக்கு ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்பதே கட்டுப்பாடு. தொடக்க விலையை முதலாளி தன் விருப்பம்போல் வைத்துக்கொள்ளலாம். பிறகு ஆண்டுதோறும் சட்டத்தின் ஆசியோடு ஏற்றிக்கொள்ளலாம்! இதற்குப் பெயர் கட்டுப்பாடு அல்ல, கொள்ளைக்கான கால அட்டவணை.

வரியையும் பார்க்க வேண்டும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது முதல் பஞ்சு, காஸ், கட்டுத்துணி போன்ற மருத்துவப் பொருள்களுக்கு 12 விழுக்காடு வரி வசூலித்தார்கள். எட்டாண்டுகளுக்கும் மேலாக வெந்த உடலின் கட்டுக்குப் பன்னிரண்டு விழுக்காடு தண்டம் பெற்றவர்கள், 2025 செப்டம்பரில் அதை 5 விழுக்காடாகக் குறைத்துவிட்டு, மக்களுக்குத் திருவிழாப் பரிசு வழங்கியதாகப் பறைசாற்றினார்கள். பறித்ததில் ஒரு பகுதியைப் பறிக்காமல் விடுவது பரிசாகிவிடுமா? அந்த 5 விழுக்காடும் ஏன்?

காப்பீடு என்னும் கானல்நீர்

"ஏழைகளுக்குத்தான் காப்பீடு இருக்கிறதே" என்பார்கள். ஒன்றுபட்ட ஆந்திரத்தில் 2007இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீ திட்டத்தின் வரம்பை, காங்கிரஸ் அரசு 2023 டிசம்பரில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. வரம்பு உயர்ந்தது வரவேற்கத்தக்கதே. ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது? அரசு மருத்துவமனையில் தீக்காயப் பிரிவுகளாகவும் செவிலியர் பணியிடங்களாகவும் மாறியிருக்க வேண்டிய பொதுப்பணம் தனியார் மருத்துவமனைகளின் கல்லாவுக்குப் போகிறது. நிலுவை தரவில்லை என்று கூறி 2025இல் அதே தனியார் மருத்துவமனைகள் திட்டத்தின்கீழ்ச் சிகிச்சையை நிறுத்தினவே, அந்த நாட்களில் காப்பீட்டு அட்டை நோயாளியின் எந்தப் புண்ணை மூடியது?

எதிர்ப்புறத்தில் உஸ்மானியா பொது மருத்துவமனை நிற்கிறது. மூசி ஆற்றங்கரையில் நிஜாம் காலத்தில் எழுந்த அந்த மாபெரும் கட்டிடத்தின் சிகிச்சைக் கூடங்களுக்குள் 2020 ஜூலையில் மழைவெள்ளமும் சாக்கடையும் புகுந்தன. நோயாளிகள் வெளியேற்றப்பட்டு, பழைய கட்டிடம் மூடப்பட்டது. புதிய மருத்துவமனைக்குக் கோஷாமஹாலில் அடிக்கல் நாட்ட 2025 ஜனவரி 31 வரை ஆனது. வெந்தவர்களுக்குத் தோல் தானம் பெற்றுச் சேமிக்கும் தோல் வங்கி 2021இல் அங்கே திறக்கப்பட்டது. அதற்கும் தொண்டு அமைப்பின், மருந்து நிறுவனத்தின் கொடை தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு எத்தனையோ உயிர்களை மீட்டது. பொது மருத்துவமனையால் முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் சிவகாசியில் வெந்தவருக்குக் கீழ்ப்பாக்கம் எத்தனை தொலைவு? பாஷமைலாரத்தில் வெந்தவர் உஸ்மானியாவை அடைய ஐதராபாத்தின் போக்குவரத்து நெரிசலைக் கடக்க வேண்டாமா?

ஈஎஸ்ஐ மருத்துவமனை ஐதராபாத்தின் சனத்நகரில் இருக்கிறது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பணத்தில் எழுந்த நிறுவனம் அது. ஆனால் 2017இல் நிர்ணயித்த 21,000 ரூபாய் ஊதிய வரம்பைத் தாண்டியவருக்கு அதன் கதவு மூடப்படுகிறது. ஒப்பந்ததாரர் பெயரைப் பதியாமலே வேலை வாங்கும் புலம்பெயர் தொழிலாளிக்கோ அந்தக் கதவு எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

அடுப்படியும் ஆலைக்களமே

தீக்காயம் ஆலையோடு முடிவதில்லை. 2001ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் தீயால் 1,63,000க்கும் அதிகமானோர் இறந்தனர் என்றும், அவர்களில் சுமார் 1,06,000 பேர் பெண்கள் என்றும், அந்தப் பெண்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குட்பட்டவர்கள் என்றும் 2009இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இந்தியாவில் ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மிதமான அல்லது கடுமையான தீக்காயம் அடைவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது.

மண்ணெண்ணெய் அடுப்பு, நெருக்கடியான ஒற்றை அறை வீடு, வரதட்சணைக் கொடுமை, குடும்ப வன்முறை ஆகிய எல்லாம் சேர்ந்தே இந்த எண்ணிக்கையை உருவாக்கியுள்ளன. வெந்த பெண்ணுக்கு நல்ல கட்டு வாங்கப் பணம் செலவிட எத்தனை புகுந்த வீடுகள் முன்வரும்? விலை ஏற ஏற, சிகிச்சையிலிருந்து முதலில் தள்ளப்படுவது பெண்தான். ஆகவே தீக்காயச் சிகிச்சையை இலவசமாக்கக் கோருவது மருத்துவக் கோரிக்கை மட்டுமல்ல, பெண் விடுதலையின் கோரிக்கையுமாகும்.

விபத்தல்ல, விளைவு

கட்டைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தீயைப் பற்றிப் பேசாதிருந்தால் அது முதலாளிக்குச் செய்யும் உதவியாகிவிடும். "முதலுதவிப் பெட்டியில் பன்னாட்டுத் தரமுள்ள ஜெல் வைத்திருக்கிறோம்" என்று சொல்லி, தீயைத் தடுக்கும் செலவை மிச்சப்படுத்தும் ஆலைகள் நாளை வரக்கூடும்.

நுண்ணிய செல்லுலோஸ் தூள் காற்றில் மிதந்தால் வெடிமருந்துக்கு ஒப்பானது. ஒரு தீப்பொறி போதும். எளிதில் தீப்பற்றும் தூசியை அடைத்து வைக்கவும், அகற்றவும், தீப்பொறி எழும் வாய்ப்பைத் தடுக்கவும் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு முதலாளியைக் கட்டாயப்படுத்தியது. எந்திரங்கள் பழையவை என்று தொழிலாளி எச்சரித்தும் நிர்வாகம் செவிமடுக்கவில்லை என்று சிகாச்சியில் இறந்தவரின் குடும்பம் காவல்துறையிடம் புகார் அளித்தது. அந்தப் புகாரின் உண்மையை நீதிமன்றம் முடிவுசெய்யும். ஆனால் எச்சரிக்கை சொல்லும் தொழிலாளியின் குரலுக்குச் சட்டத்தில் என்ன இடம் இருக்கிறது என்பதை முடிவுசெய்தவர்கள் ஆட்சியாளர்கள்.

1984இல் போபாலில் நச்சுவாயு கசிந்தது. அதன்பின் எழுந்த போராட்டங்களின் விளைவாக 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான தொழில் நடக்கும் ஆலைகளில் தொழிலாளர் பங்கேற்கும் பாதுகாப்புக் குழு கட்டாயமாக்கப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் மோடி அரசு நடைமுறைப்படுத்திய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அந்தக் கட்டாயம் கரைந்துபோனது. அரசு ஆணையிட்டால் குழு உண்டு என்றாகிவிட்டது. மின்சாரத்தில் இயங்கும் ஆலை "தொழிற்சாலை" ஆவதற்கான வரம்பு 10 தொழிலாளர்களிலிருந்து 20ஆக உயர்த்தப்பட்டது. ஆய்வாளர் இனி வெறும் ஆய்வாளர் அல்ல. "ஆய்வாளரும் வசதி செய்பவரும்" ஆவார். திருடனுக்கு வசதி செய்து தரும் காவலரைப் பற்றி எந்த நாட்டுச் சட்டமாவது பெருமைப்பட்டதுண்டா?

சிகாச்சி தனித்த நிகழ்வன்று. 2024 ஏப்ரலில் அதே சங்காரெட்டி மாவட்டத்தில் எஸ்.பி. ஆர்கானிக்ஸ் ஆலையில் வெடிப்பு. 2024 ஆகஸ்ட் 21 அன்று ஆந்திரத்தின் அச்சுதாபுரத்தில் எசென்ஷியா மருந்து ஆலையில் 17 பேர் பலி. சிகாச்சி வெடித்த மறுநாளே, 2025 ஜூலை 1 அன்று, சிவகாசி அருகே சின்னக்காமன்பட்டி பட்டாசு ஆலையில் வெடித்து மேலும் பல உயிர்கள் பலியாயின. ஆட்சி எந்தக் கட்சியுடையதாயினும் ஆலை முதலாளியின் கணக்குப் புத்தகம் ஒன்றே. தூசி அகற்றும் கருவிக்கு ஆகும் செலவைவிடத் தொழிலாளியின் உயிர் மலிவு என்பதே அந்தக் கணக்கு.

பணம் இல்லை என்னும் பொய்

"எல்லா மாவட்ட மருத்துவமனைக்கும் நவீனக் கட்டுகள் வழங்க அரசிடம் பணம் ஏது?" என்பது இறுதி வாதம். 2025க்குள் சுகாதாரத்துக்கான அரசுச் செலவை நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்று 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கையில் எழுதியவர்கள் இவர்களே. அந்த இலக்கு எட்டப்படவில்லை. ஆனால் 2019இல் கார்ப்பரேட் வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22ஆகக் குறைக்க ஒரே நாளில் அவர்களால் முடிந்தது. பணம் இல்லாமல் இல்லை. அது எந்த வர்க்கத்துக்கு என்பதில்தான் தெளிவாக இருக்கிறார்கள்.

கணக்கும்கூட அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது. ஒட்டாத கட்டு என்றால் கட்டு மாற்றும் முறைகள் குறையும். செவிலியரின் நேரமும் வலிநிவாரணி மருந்தும் மிச்சமாகும். புண் விரைவில் மூடினால் படுக்கை விரைவில் காலியாகும். தொழிலாளி விரைவில் வேலைக்குத் திரும்புவார். மூலப்பொருளோ பாலிவினைல் ஆல்கஹாலும் தண்ணீரும். கதிர்வீச்சு நிலையம் அரசிடமே உள்ளது. லாபத்தைக் கழித்துவிட்டால் எட்டாக்கனியாக இருப்பதற்கு அதில் எதுவுமில்லை.

களம் காத்திருக்கிறது

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தீக்காயக் கட்டுகள் அனைத்தும் அத்தியாவசியப் பட்டியலில் சேர்க்கப்பட்டு, உச்சவரம்பு விலை நிர்ணயிக்கப்பட வேண்டும். அவற்றின் மீதான ஜிஎஸ்டி முற்றிலும் நீக்கப்பட வேண்டும். பொது நிறுவனங்கள் கண்டுபிடித்த கட்டுகளைப் பொதுத்துறையே உற்பத்தி செய்ய வேண்டும். ஐடிபிஎல் போன்ற நிறுவனங்கள் அதற்காகப் புத்துயிர் பெற வேண்டும். எந்தக் காயத்துக்கு எந்தக் கட்டு என்பதை விற்பனைப் பிரதிநிதி அல்லாமல் அரசு மருத்துவர்களின் சுயேச்சையான ஆய்வு முடிவுசெய்ய வேண்டும். பாஷமைலாரம் முதல் சிவகாசி வரை, ஆபத்தான தொழிற்பகுதி ஒவ்வொன்றின் அருகிலும் முழு வசதியுள்ள அரசுத் தீக்காயப் பிரிவு அமைய வேண்டும். ஈஎஸ்ஐ ஊதிய வரம்பு உயர்த்தப்பட்டு, ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரும் வேலையில் சேரும் நாளிலேயே பதியப்பட வேண்டும். தொழிலாளர் விரோதச் சட்டத்தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

இவற்றுள் எதுவும் மனுவால் மட்டும் கிடைத்துவிடாது. சிகாச்சி வெடித்த ஒன்பதாவது நாள், 2025 ஜூலை 9 அன்று, சட்டத்தொகுப்புகளை எதிர்த்து நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் கோடிக்கணக்கான தொழிலாளர்கள் இறங்கினார்கள். அந்தப் பேரணிகளில் போஜ்புரியும் ஒடியாவும் பேசும் புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் நடந்தார்கள் என்பது இடதுசாரி இயக்கம் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. எரியும் ஆலைக்குள் முதலில் சிக்குபவர் சங்கத்தில் கடைசியாகச் சேர்க்கப்படுபவராக இருக்கும்வரை, முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியும் மாறாது. தமிழ்நாட்டின் தொழிற்பேட்டைகளிலும் இதே தொழிலாளர்கள் இதே தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களின் மொழியில் ஒரு துண்டறிக்கை, அவர்களின் ஆலையில் ஒரு பாதுகாப்புக் குழு, அவர்களின் முதலுதவிப் பெட்டியில் என்ன இருக்கிறது என்ற ஒரு சோதனை: வேலை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

முதலுதவிப் பெட்டி வைப்பது சட்டப்படி முதலாளியின் கடமை. 150 தொழிலாளர்களுக்கு ஒன்றுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். பல ஆலைகளில் அது சுவரில் தொங்கும் பூட்டிய பெட்டி. சாவி மேலாளரின் மேசையில். அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லும் துணிவை ஆலைக்குள் வளர்ப்பதுதான் முதல் கடமை. பூட்டிய பெட்டியைத் திறக்கக் கற்றவர்கள் மூடிய ஐடிபிஎல்லையும் திறக்கச் சொல்வார்கள். லாபத்துக்காக எரியும் இந்த அமைப்பையே கேள்வி கேட்பார்கள்.